பதினேழாம் கவிதையின் இடைவெளி

ஜூலை 1, 2024, திங்கள்

மிக்ஸி மறுபடியும் நின்றுவிட்டது. காலையில் இட்லிக்குச் சட்னி இல்லை, மிளகாய்ப்பொடிதான். கல்லூரி திறந்த முதல் நாளே இப்படி.

துறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். முனைவர் பியூலா. சாத்தான்குளம் பக்கம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். துறைத்தலைவர் என்கிற முறையில் நான்தான் வரவேற்று வருகைப்பதிவேட்டை நீட்டினேன். எதில் ஆய்வு என்று கேட்டேன்.

"அகப்பாட்டுல கூற்றுன்னு ஒண்ணு சொல்வோம்ல சார், யார் பேசுறா, யார்கிட்ட பேசுறா, யார் கேட்டுக்கிட்டு நிக்கிறான்னு. அத வச்சுப் புதுக்கவிதைய வாசிக்கிறேன். மேலைக் கோட்பாடுகளையும் கூடச் சேத்துக்குவேன்" என்றாள்.

நல்லது என்றேன். எனக்கு இதெல்லாம் புதிதில்லை. இருபத்திரண்டு வருஷமாக இலக்கியத் திறனாய்வுத் தாளை நான்தான் நடத்துகிறேன். அமைப்பியல் ஐந்து மதிப்பெண், பெண்ணியம் பத்து மதிப்பெண், உளப்பகுப்பாய்வு எப்போதாவது கேட்பார்கள். நோட்ஸ் எல்லாம் தயாராக இருக்கிறது.

மாலையில் சக்தியிடம் சொன்னேன். "சாத்தான்குளமா? பிள்ள எங்க தங்கியிருக்கு? சாப்பாட்டுக்கு என்ன செய்யுதாம்?" என்று கேட்டாள். நான் கோட்பாட்டைப் பற்றிப் பேசினால் என் மனைவிக்குச் சாப்பாட்டுக் கவலை.

ஜூலை 4, வியாழன்

மிக்ஸிக் கடைக்காரன் நாளைக்கு என்கிறான்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் நெஞ்சு ஆறாது.

தபாலில் சென்னைப் பத்திரிகை ஒன்று வந்தது. அதில் பியூலாவின் கட்டுரை. 'பதினேழில் பேசாமல் இருப்பது யார்?' என்று தலைப்பு. பதினேழு என்றால் ஓடைக்கரையானின் பதினேழாம் கவிதை. என் ஓடைக்கரையான்.

என் என்று எழுதியதில் தப்பில்லை. தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்த மனிதர். 1998இல் 'ஓடை வற்றிய பின்' என்று ஒரே ஒரு தொகுப்பு. முப்பத்துநான்கு கவிதைகள், தலைப்பு கிடையாது, வெறும் எண்கள். கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்து 2009இல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருந்தபோது ஒரு நாயும் சீண்டவில்லை. 'ஓடைக்கரையான் கவிதைகளில் விரக்தி' என்று நான்தான் முனைவர்ப் பட்டம் செய்தேன். அதற்குப் பிறகே ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. இப்போது பிள்ளைகள் கைப்பேசி ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்கிறார்கள்.

பதினேழாம் கவிதை இதுதான்.

ஓடையில் தண்ணீர் இல்லை.
பாலத்தில் என் சைக்கிள்
தன் நிழல்மேல் ஏறி நிற்கிறது.

(இங்கே நான்கு வரி அளவுக்கு வெறும் தாள்.)

போதும்.
இனி வந்தால் வரட்டும் மழை.

அந்த வெறும் தாளைக் கவிஞரின் தொண்டை அடைத்த இடம் என்று என் ஆய்வேட்டில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். உண்மையில் அது ஒரு அச்சுப்பிழை. நான்கு வரி விடுபட்டுவிட்டது. இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். எம்.ஃபில் படிக்கும்போது முருகன்குறிச்சியில் ஒளிச்சுடர் அச்சகத்தில் பகுதிநேரமாக ப்ரூஃப் திருத்தினேன். சக்தி அங்கேதான் ஈய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி அச்சுக் கோத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பழக்கமே அங்கேதான். பிழை என்று தெரிந்தும் ஏன் விரக்தி என்று எழுதினேன் என்றால், அச்சில் வந்ததுதான் பனுவல். திறனாய்வாளன் பனுவலைத்தான் வாசிக்க முடியும்.

பியூலா என்ன சொல்கிறாள்? எல்லாரும் (அடிக்குறிப்பில் என் பெயர்) இந்த மௌனத்தைத் தலைவன் கூற்றாகவே வாசித்துவிட்டார்களாம். 'போதும்' என்பது உடைந்துபோனவன் குரல் இல்லையாம், வயிறு நிறைந்தவன் இலையை மடக்கும்போது சொல்கிற போதுமாம். 'எனவே இம்மௌனம் அவனுடையதன்று. இவ்விடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவளையும் அவனையும் பார்த்துக்கொண்டு மூன்றாமவர் ஒருவரும் நிற்கிறார்.'

அச்சுப்பிழையிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறாள். துறையில் எல்லாரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

ஜூலை 13, சனி

பியூலா சனிக்கிழமைதோறும் கல்லூரி நூலகத்தில் வாசிப்பு வட்டம் என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். வெளியாட்களும் வரலாம். நான் போகவில்லை, மிக்ஸிக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்குத் திரும்பினால் சக்தி சேலை மாற்றிக்கொண்டு நிற்கிறாள்.

"எங்கே?"

"வாசிப்பு வட்டத்துக்கு. மார்க்கெட்ல பாத்தப்பம் பியூலா கூப்பிட்டுது. சோறு மேசைல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். என் கருத்தரங்கு எதற்கும் இவள் வந்ததில்லை. கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஜூலை 18, வியாழன்

முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு மருதத்திணை நடத்தினேன். பரத்தை வீட்டிலிருந்து தலைவன் திரும்புகிறான், தலைவி கதவைத் திறக்க மறுக்கிறாள், ஊடல். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "ஆம்பளைக்கு ஊடல் வராதா சார்? அவளுக்கு வேற யாரையாவது பிடிச்சிருந்தா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

அகத்திணை இலக்கணத்தில் அதற்கு இடமில்லை என்றேன். "பியூலா மேடம், இலக்கணத்துல இடமில்லாததத்தான் தேடணும்னு சொன்னாங்க சார்" என்றாள். மணி அடித்துவிட்டது.

ஆம்பளைக்கு ஊடல் வராது. வந்தால் அதற்குப் பெயர் வேறு.

ஜூலை 22, திங்கள்

கால அட்டவணை போட்டேன். பியூலாவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி மணிநேரம் விழுந்திருக்கிறது. வேண்டுமென்று செய்ததில்லை, அப்படித்தான் அமைந்தது. "பரவால்ல சார், கடைசி அவர்ல பிள்ளைங்க நல்லாப் பேசுவாங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். அவள் முகம் வாடியிருந்தால் நான் மாற்றிக்கூடக் கொடுத்திருப்பேன்.

நூலகர் என்னைப் பிடித்துக்கொண்டார். 'ஓடை வற்றிய பின்' முதற்பதிப்பு 2013இலிருந்து என் பெயரில் இருக்கிறதாம். பதினோரு வருஷம். திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். தேடிப் பார்க்கிறேன் என்றேன். அது என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

மத்தியானம் பியூலா வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். சக்தி கூப்பிட்டிருக்கிறாள். சொதியும் இஞ்சிப் பச்சடியும். போன தீபாவளிக்கு நான் சொதி கேட்டபோது தேங்காய் விலை பேசியவள் இவள்.

சாப்பிட்டு முடித்ததும் பியூலா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். 'ஓடை வற்றிய பின்.' முதற்பதிப்பு. இந்த ஊரில் என் இழுப்பறையில் இருப்பதைத் தவிர வேறு பிரதி இல்லை என்று இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

"எங்கே கிடைச்சுது?"

"அக்காதான் குடுத்தாங்க சார்."

திருப்பிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஓடைக்கரையானின் கையெழுத்து. அன்புடன் என்றோ இன்னாருக்கு என்றோ ஒரு சொல்லும் இல்லை, வெறும் கையெழுத்தும் தேதியும். சக்தியைப் பார்த்தேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது உன்கிட்ட இருக்குன்னு சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கல. பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில கெடந்துது."

இந்த வீட்டில் இருபத்தைந்து வருஷமாக ஒரு பட்டுச்சேலைக்கு அடியில் அந்த ஆள் இருந்திருக்கிறான். எனக்குச் சாப்பாடு செரிக்கவில்லை. இரண்டு முறை ஓமத் தண்ணீர் குடித்தேன். பியூலா போகும்போது சக்தி சொதியைத் தூக்குவாளியில் வேறு கொடுத்தனுப்பினாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஓடைக்கரையானுக்குச் செம்பதிப்பு வரப்போகிறது. சென்னைப் பதிப்பகம் ஒன்று போடுகிறது. பத்து வருஷத்துக்கும் மேலாக எந்தக் கடிதத்துக்காக நான் காத்திருந்தேனோ அந்தக் கடிதம் வந்துவிட்டது. பியூலாவுக்கு.

என் மேசைக்கு எதிரில் நின்றுதான் படித்துக் காட்டினாள், பாவம், சந்தோஷத்தில். "நீங்கதான் சார் முன்னுரை எழுதணும்" என்றாள். முன்னுரை! பந்தியில் உட்காரவேண்டியவனை வாசலில் சந்தனம் கொடுக்க நிறுத்துகிறாள்.

அதையொட்டி இருபத்துமூன்றாம் தேதி கல்லூரியில் ஒருநாள் கருத்தரங்கு. அவளுடைய அமர்வுக்கு நான் தலைமை. கட்டுரை, அதே பதினேழு.

வெளிப்படையாகவே எழுதுகிறேன். எனக்கு வயிறு எரிகிறது. அவள் படிப்பாளி, உழைப்பாளி, என்னிடம் மரியாதையாகத்தான் இருக்கிறாள். அதனால் இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சக்தி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். ஆய்வேட்டுப் படிகள், பழைய வினாத்தாள், கரப்பான். அடியில் அது இருந்தது. பதினேழாம் கவிதை, ஓடைக்கரையானின் கையால், நீல மையில், தாலுகா ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில். நான்கு வரியும் இருக்கிறது.

மெய்ப்புப் பார்க்கிறவனிடம் மூலப்படியைக் கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு தாள் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. எப்படி என்று ஞாபகமில்லை.

அந்த நான்கு வரியை இங்கே எழுதப்போவதில்லை.

இதை இருபத்துமூன்றாம் தேதி மேடையில் எடுத்துக் காட்டினால் பியூலாவின் மௌனமும் மூன்றாமவரும் காற்றில் பறந்துவிடும். 'அம்மா, அது வெறும் விடுபாடு' என்று ஒரு வரிதான் சொல்ல வேண்டும். மூலப்படி யாரிடம் இருக்கிறதோ அவர்தானே பதிப்பாசிரியர்? என் ஆய்வேட்டில் பதினோரு பக்கம் போகும். போகட்டும். என் ஒரு கண் போனாலும் பரவாயில்லை.

மேற்படி வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் செய்யத்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மிக்ஸிக்காரன் மோட்டார் போய்விட்டது என்கிறான். புதிதாகவே வாங்கிவிடச் சொல்கிறான்.

ஆகஸ்ட் 17, சனி

வாசிப்பு வட்டத்திலிருந்து சக்தி வந்தாள். முகத்தில் வெளிச்சம். இன்று என்ன கோட்பாடு என்று கேட்டேன், கிண்டலாகத்தான்.

"எழுதுனவரு செத்துப்போயிட்டாருன்னு வச்சுக்கிட்டுப் படிக்கணுமாம். அப்பத்தான் எழுத்துக்குள்ள வேற யாரு கையெல்லாம் இருக்குன்னு தெரியுமாம்."

"அவர் நிஜமாகவே செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது."

"தெரியும். நான் எழவுக்குப் போயிருந்தேன்" என்றாள்.

நான் அன்று பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இவள் போனது எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 22, வியாழன்

சட்டை இஸ்திரி போட்டாயிற்று. மூலப்படியைக் கண்ணாடித்தாள் உறைக்குள் வைத்தாயிற்று. 'ஆய்வு நேர்மை' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன். சக்தி நாளை வருவதாகச் சொல்கிறாள். வரட்டும். அவள் கொண்டாடுகிற கோட்பாடு எப்படி உட்காருகிறது என்று அவளும் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நூறு பேர் இருக்கும். சக்தி இரண்டாம் வரிசையில், அந்தப் பட்டுச்சேலையில். பியூலா நாற்பது நிமிஷம் பேசினாள். நன்றாகப் பேசினாள், அதை மறைப்பானேன். அகப்பாட்டில் கேட்கிறவர் வாய் திறப்பதில்லை, ஆனால் பாட்டு அவருக்காகத்தான் நடக்கிறது, அதுபோல இந்தக் கவிதையும் பேசாதவளுக்காக நடக்கிறது என்றாள். நடுவில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இது பிடிக்கவில்லை, இந்த இடைவெளியில் ஓர் ஊடலின் வெக்கை அடிக்கிறது என்றாள். அந்த இடத்தில் என் காது சூடானது.

தலைமையுரைக்கு எழுந்தேன். ஆய்வு நேர்மை என்று ஆரம்பித்து உறையைத் தூக்கிக் காட்டினேன். "இது கவிஞரின் கையெழுத்துப் படி. பேராசிரியை பியூலா மௌனம் என்று சொல்கிற இடத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன" என்று சொல்லி வாசித்தேன்.

நீ கோக்கும்போது என் பெயர்
தலைகீழாய் இருக்கிறது.
கறுத்த உன் விரல்களுக்கு
அது நேராய்த் தெரிகிறதாம்.

கடைசி வரியில் என் குரல் பிசிறிவிட்டது. தண்ணீர் குடித்தேன்.

பியூலா முகம் விழுந்துவிடும் என்று பார்த்தேன். அவள் எழுந்தே விட்டாள். "சார்! இது சந்தோஷமான கவிதை சார்! அதனாலதான் 'போதும்'!" என்று கைதட்டினாள். பிள்ளைகளும் தட்டினார்கள். யாரோ பின்னாலிருந்து, "அப்ப விரக்தி?" என்றான். சிரிப்பு.

"ஆனா சார், வரி விட்டுப்போச்சுன்னா இடம் மட்டும் எப்படி வந்துச்சு?" என்று பியூலா கேட்டாள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்கு அந்தச் சிரிப்பின் எரிச்சல் இன்னும் தீரவில்லை. "அச்சுக் கோத்தவரின் கவனக்குறைவு, வேறென்ன? அந்தக் காலத்துக் கம்பாஸிட்டர்கள் அதிகம் படித்தவர்கள் இல்லை. கவிதை அவர்களுக்கு எங்கே புரியும்?" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. இரண்டாம் வரிசையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

சக்தி எழுந்தாள். ஒலிபெருக்கி இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"அந்தக் கம்பாஸிட்டர் நான்தான். பத்தாவதுதான் படிச்சிருக்கேன். ஆனா ஏழு வருசத்துல ஒரு வரி விட்டதில்ல." பியூலா பக்கம் திரும்பினாள். "கோக்கும்போது வரி விட்டுப்போச்சுன்னா, கீழ உள்ள வரி மேல வந்து ஒட்டிக்கிடும்மா. இடமே இருக்காது. இடம் இருக்குன்னா, கோத்து முடிச்ச பொறவு எடுத்திருக்குன்னு அர்த்தம். நான் நாலு வரியயும் கோத்தேன். ப்ரூஃப் போச்சு. திரும்பி வந்தப்பம் நாலு வரியிலயும் சிவப்பு மையில கோடு போட்டிருந்துது. அடிச்சு வந்தா எடுக்கணும். எடுத்தேன்."

"யார் அடிச்சாங்க அக்கா?"

"அத அடிச்சவியதான் சொல்லணும்."

ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது.

"தேநீர் இடைவேளை" என்றேன்.

அப்போது மணி பதினொன்றே கால். தேநீர் பதினொன்றே முக்காலுக்குத்தான் சொல்லியிருந்தது. நூறு பேரும் வராந்தாவில் போய்ச் சும்மா நின்றார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

இந்த நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினேன். விடுபட்டது, விடுபாடு, அச்சுப்பிழை. யாருக்காக இப்படி எழுதிவைத்தேன்? இதை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை.

நான்தான் அடித்தேன். அன்று எனக்கு இருபத்துநான்கு வயது. அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று மூன்று மாதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த ப்ரூஃப் என் மேசைக்கு வந்தது. அவளுடைய கறுத்த விரல்கள் அதில் இருந்தன. அதைக்கூடப் பொறுத்திருப்பேன், யாரும் பார்க்கலாம், எழுதலாம். 'நேராய்த் தெரிகிறதாம்.' அப்படியென்றால் அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். நின்று, சிரித்து, சொல்லியிருக்கிறாள். என்னிடம் அதுவரை 'ப்ரூஃப் ரெடி' என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு வரியையும் அடித்து, ஓரத்தில் 'நீக்கி, இடம் விடாமல் சேர்க்கவும்' என்று எழுதினேன். மூலப்படியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் இடம் விழுந்திருந்ததை என் குறிப்பை அவள் கவனிக்காமல் விட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சக்தி காலையில் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே என் கையெழுத்து தெரியுமா?"

"தெரியாம? தெனமும் உங்க கோட்டப் பாத்துத்தான திருத்துவேன்."

"பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

அரைப்பதை நிறுத்தவில்லை. "இடம் விடாமச் சேக்கவும்னு எழுதியிருந்திய. நான் சேக்கல. நாலு வரி இருந்த எடத்துல எழுத்தில்லாத வெறுங்கட்டையப் போட்டு இறுக்கினேன். கவிதை எழுதுன அவிய பாத்தா, இங்கன ஏதோ இருந்துதேன்னு கேப்பாவன்னு நெனச்சேன். புத்தகம் வந்த அன்னைக்கு ப்ரெஸ்ஸுக்கு வந்தாவ. பதினேழத் திறந்தாவ. என் மொகத்தப் பாத்தாவ. நானே பிடிக்காம எடுத்துட்டேன்னு நெனச்சுட்டாவ போல. ஒரு புத்தகத்துல கையெழுத்துப் போட்டு, என் எழுத்துப்பெட்டி மேல வச்சுட்டுப் போயிட்டாவ. அதுக்கு மேல வரல."

இருபத்தாறு வருஷமாக ஊர் உலகமெல்லாம் கோட்பாடு போட்டுத் தோண்டுகிற மௌனம் இவளுடையது. நான் பதினோரு பக்கம் எழுதியது இவளைப் பற்றி. பியூலா தோண்டிய இடத்தில்தான் ஆள் இருந்திருக்கிறாள். மூன்றாமவனும் இருந்திருக்கிறான்.

"என்னை ஏன் கட்டிக்கொண்டாய்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"நீங்க வந்து கேட்டிய. அவிய கேக்கல." சட்னியை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். "அந்தச் செவப்பு மையப் பாத்ததும் ஆத்திரமா வந்துது. பொறவு, நமக்காக ஒரு மனுசன் இம்புட்டுப் பொறாமப்படுதாரான்னும் இருந்துது. இருவது வயசுல அதுவும் ஒரு பெருமைதான். இப்பம் கேட்டா வேற சொல்லுவேன்."

"நேற்று நான் சொன்னது..."

"அதுக்குத்தான் எந்திரிச்சேன். வரிய அடிச்சிய, பொறுத்துக்கிட்டேன். எனக்கு வேலை தெரியாதுன்னு சொன்னத என்னால பொறுக்க முடியல."

பத்து மணிக்கு வாசிப்பு வட்டத்துக்குப் போய்விட்டாள். நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன். அம்மிச் சட்னி நன்றாக இருந்தது, அதைச் சொல்லவும் ஆளில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

வெள்ளிக்கிழமை கடைசி மணிநேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பியூலா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எப்போதும்போல வணக்கம் சொல்கிறாள். அது ஒரு பெரிய தண்டனையாக இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

மாலையில் பியூலா வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்துப் பேசத் தயங்கி சக்தியிடமே கேட்டாள். "அக்கா, செம்பதிப்புல எத மூலமாப் போடட்டும்? நாலு வரியோடயா, இடத்தோடயா?"

"ரெண்டையும் போடு. எதிரும் புதிருமா ரெண்டு பக்கத்துல. கீழ குறிப்பு வேணும்லா, அத இவிய எழுதித் தருவாவ" என்றாள் சக்தி.

பியூலா என்னைப் பார்த்தாள். சரி என்றேன். உறையிலிருந்த மூலப்படியை அவளிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து ஒரு குறிப்பு எழுத முடியவில்லை. இருநூறு பக்க ஆய்வேடு எழுதியவன்.

முதலில் எழுதியது: 'இவ்விடத்தில் இருந்த நான்கு அடிகள் முதற்பதிப்பில் இடம்பெறவில்லை.' சக்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து வரி முழுக்க ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் 'ஏன்?' என்று எழுதித் திருப்பித் தந்தாள்.

இரண்டாவது: 'மெய்ப்பு நிலையில் நீக்கப்பட்டன.' அதற்கும் கோடு. ஓரத்தில் 'யார்?'

மூன்றாவது எழுத மத்தியானம் ஆகிவிட்டது.

'இந்நான்கு அடிகளை மெய்ப்புத் திருத்திய ந. கோமதிநாயகம் ஆகிய நான், கவிஞர்மேல் கொண்ட பொறாமையால் நீக்கினேன். இடைவெளி, அச்சுக் கோத்த பிரம்மசக்தி விட்டது.'

இரண்டு முறை வாசித்தாள். கோடு இழுக்கவில்லை. மெய்ப்பு சரியாக இருந்தால் கடைசியில் போடுவோமே, அதே மாதிரி கீழே 'அச்சிடலாம்' என்று எழுதித் தேதி போட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கையெழுத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. நல்ல எழுத்து.

இருபத்தாறு வருஷமாகத் தொண்டையில் கிடந்த ஒன்று மிச்சம் இருந்தது. கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு அவர் கேட்டிருந்தால்?"

சக்தி பேனாவை மூடினாள். என்னைப் பார்த்தாள். நான்கு வரி படிக்கிற நேரம் ஒன்றுமே பேசவில்லை. பிறகு, "சாயங்காலம் மிக்ஸி வாங்கப் போவோம், அம்மில அரைச்சுத் தோள் வலிக்கி" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அவள் பேசாமல் இருந்த அந்த இடத்தில் அவன்தான் நிற்கிறான். எனக்கு இன்னமும் பொறாமையாக இருக்கிறது. இந்த வரியை நான் அடிக்கப்போவதில்லை.